ஊரறிந்த ஆலையில் எல்லோருக்குமான மருத்துவக் காப்பீடு: ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

கொங்குப் பக்கத்து நூற்பாலை, ஆம்பூர் தோல் தொழிற்சாலை, அரியலூர் சிமென்ட் ஆலை என்று எதை எடுத்தாலும் ஒரு விஷயம் பொது. தெருவுக்கு நாலு வீட்டில் அங்கிருந்துதான் சம்பளம் வருகிறது. ஷிப்ட் சூப்பர்வைசரும் தொழிலாளியின் மாமாவும் ஒரே கோயில் கமிட்டியில் இருப்பார்கள். பெரிய ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் பெண், ஆலை ஃபிட்டர் ஒருவரின் தங்கையாக இருப்பார். இப்படிப்பட்ட ஊரில் ஒரு நிர்வாகம் திருநங்கை, திருநம்பித் தொழிலாளர்களின் சிகிச்சையையும் தன்பால் இணையர்களையும் மருத்துவச் சலுகைக்குள் கொண்டுவர நினைத்தால், போர்டு கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி 'எவ்வளவு செலவாகும்?' திட்டம் சாவது அந்தக் கேள்வியால் இல்லை. சலுகை காகிதத்தில் இருக்கும். மூன்று வருடம் ஒருவரும் விண்ணப்பிக்க மாட்டார்கள். 'நம்ம ஊர்ல அப்படி யாரும் கிடையாது' என்று கோப்பை மூடிவிடுவார்கள்.

விண்ணப்பிக்க வேண்டுமென்றால் டைம் ஆபீஸ் மேஜையில் ஒரு படிவத்தை, நாலு பேர் பார்க்க, வைத்துவிட்டு வர வேண்டும். யாரும் வராததற்கு அதுதான் காரணம். ஆகவே இங்கே ஐந்து வழிகளை ஒப்பிடும்போது எவ்வளவு தொகை கிடைக்கும் என்பதோடு, அதைப் பெற ஒருவர் உள்ளூரில் எத்தனை பேரிடம் தன்னைச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பதையும் எண்ணியிருக்கிறோம். எங்கள் கணக்கில் இரண்டாவதே பெரிது.

சட்டம் எதுவரை வருகிறது

தன்பால் உறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. 2023 அக்டோபர் 17 அன்று தன்பால் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தர மறுத்தது. எச்.ஆர். துறைகள் இந்த இரண்டாவது தீர்ப்பை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு 'நம்மால் ஒன்றும் செய்ய முடியாது' என்று சொல்வதைப் பார்க்கிறோம். அது தவறு. ஆலை தன் ஊழியர்களுக்காக மொத்தமாக எடுக்கும் குரூப் பாலிசியில் 'குடும்பம்' என்றால் யார் என்பது நிறுவனமும் காப்பீட்டு நிறுவனமும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்த வாசகம். திருமணச் சட்டம் மாறும்வரை அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி என்று இல்லை என்பதைச் சென்னை உயர் நீதிமன்றமும் 2025 மே மாதத்தில் சொல்லியிருக்கிறது.

அதே 2023 தீர்ப்பில் பலர் கவனிக்காத பகுதி ஒன்று உண்டு. திருநர் (திருநங்கை அல்லது திருநம்பி) ஒருவர் எதிர்பாலினத்தவரை மணப்பதற்கு இப்போதுள்ள சட்டங்களிலேயே இடமிருக்கிறது என்று ஐந்து நீதிபதிகளும் ஒப்புக்கொண்டார்கள். அதற்கு முன்பே, 2019 ஏப்ரலில், தூத்துக்குடித் தம்பதி ஒருவரின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்து திருமணச் சட்டத்தின் 'மணமகள்' என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்றது. ஆக, ஒரு திருநங்கைத் தொழிலாளியின் கணவரைச் சேர்க்க எந்தப் பாலிசித் திருத்தமும் வேண்டாம். 'கணவன் அல்லது மனைவி' என்ற பழைய வரியே போதும். இன்றே சேர்க்கலாம்.

கட்டாயம் என்று பார்த்தால், 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வேலையில் பாகுபாட்டைத் தடை செய்கிறது. ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு குறைதீர் அலுவலர் இருக்கச் சொல்கிறது. 2020 விதிகள் சம வாய்ப்புக் கொள்கையை எழுதி எல்லோரும் பார்க்கும்படி வெளியிடச் சொல்கின்றன. புகாரை 15 நாளில் விசாரிக்கச் சொல்கின்றன. 'சத்தமில்லாமல் செய்துவிடுவோம், எழுத்தில் எதுவும் வேண்டாம்' என்ற யோசனை இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது.

முதல் வழி: 'தேவைப்பட்டால் முதலாளி பார்த்துக்கொள்வார்'

நிறைய ஆலைகளில் இப்போது நடப்பது இதுதான். நல்ல மனசோடுதான் செய்கிறார்கள். ஆனால் பணம் கையில் வர சூப்பர்வைசர், வெல்ஃபேர் ஆபீசர், எச்.ஆர். மேனேஜர், அக்கவுன்டன்ட், கடைசியில் முதலாளி என்று ஐந்து பேரிடம் கதை சொல்ல வேண்டும். அடுத்தவருக்கும் அதே தொகை கிடைக்கும் என்ற உறுதி கிடையாது. மேனேஜர் மாறினால் சலுகையும் போய்விடும். இது ஒப்பீட்டில் கடைசி இடம்.

இரண்டாம் வழி: இ.எஸ்.ஐ.யும் அரசுத் திட்டங்களும்

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் இ.எஸ்.ஐ. என்ற அரசுத் தொழிலாளர் காப்பீட்டில் இருப்பார்கள். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், நிறுவனப் பங்கு 3.25 சதவீதம். திருநர் தொழிலாளி இன்னார் என்ற பேதமில்லாமல் காப்பீடு பெற்றவராகிறார். ஆனால் இ.எஸ்.ஐ. சொல்லும் குடும்பத்தில் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர் என்ற வட்டம்தான். மணம் செய்யாத இணையருக்கு இடமில்லை. அதை ஒரு ஆலை நிர்வாகத்தால் மாற்றவும் முடியாது.

மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜி பிளஸ் ஏற்பாடு 2022 ஆகஸ்டில் கையெழுத்தானது. திருநர் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. அதற்கு மாவட்ட ஆட்சியர் தரும் திருநர் அடையாளச் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் 2008இல் அமைந்தது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் பாலின உறுதிப்பாட்டு அறுவை சிகிச்சைகள் நடக்கின்றன.

இந்த வழியின் பெரிய பலம், ஆலைக்குள் ஒருவரிடமும் எதையும் சொல்ல வேண்டாம் என்பது. பலவீனம், சான்றிதழ் இல்லாதவருக்கு எதுவும் இல்லை. அறுவை சிகிச்சைத் தேதி உங்கள் கையிலும் இல்லை, தொழிலாளியின் கையிலும் இல்லை. எனவே இந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் நிர்வாகம் பணத்துக்குப் பதிலாக விடுப்பைத் தர வேண்டும். மருத்துவ விடுப்புப் பதிவேட்டில் நோயின் பெயர் எழுதும் கட்டத்தை நீக்கிவிட்டு, 'மருத்துவர் பரிந்துரை, இத்தனை நாள்' என்று மட்டும் வைத்தால் போதும். அதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. ஆனாலும் பெரும்பாலான ஆலைகளின் பதிவேட்டில் அந்தக் கட்டம் இன்னும் இருக்கிறது.

இன்னொன்று: ஆதார், பான், பி.எஃப்., இ.எஸ்.ஐ. நான்கிலும் பெயரும் பாலினமும் ஒத்துப்போக வேண்டும். முதலில் ஆதாரை மாற்றி, பிறகு மற்றவற்றைச் சரிசெய்ய வேண்டும். முன்னும் பின்னுமாகச் செய்தால் ஒவ்வொரு அலுவலகத்திலும் திருப்பி அனுப்புவார்கள். இதற்கென்று ஒரே ஒரு எச்.ஆர். ஊழியரைப் பொறுப்பாக்குங்கள். நாலு மேஜைக்கு நாலு பேர் வேண்டாம்.

மூன்றாம் வழி: குரூப் பாலிசியைத் திருத்துவது

பெரும்பாலான நடுத்தர, பெரிய ஆலைகளுக்கு இதுதான் முதுகெலும்பு. இதில்தான் அதிகத் தவறும் நடக்கிறது.

காப்பீட்டு புரோக்கர் வந்து 'சார், எல்.ஜி.பி.டி. கவர் சேர்த்துட்டோம்' என்பார். கேட்டால் குடும்ப வரையறையில் 'இணையர் உட்பட' என்று இரண்டு சொல் சேர்த்திருப்பார். இணையருக்கு டெங்கு வந்தால் அது உதவும். திருநர் தொழிலாளியின் சிகிச்சைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் விலக்குகளுக்கு, அதாவது பாலிசி பணம் தராத சிகிச்சைகளுக்கு, பொது வாசகங்களை வகுத்தது. அதில் 07ஆம் எண் விலக்கு பாலின மாற்றச் சிகிச்சை. 08ஆம் எண் விலக்கு அழகு மற்றும் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை. விலக்கு பாலிசியில் இருந்தால் அந்த வாசகத்தில் இருக்கும். நிறுவனம் கேட்டால், அதற்குரிய பிரீமியத்தோடு, காப்பீட்டு நிறுவனம் அதை நீக்கித் தரலாம்.

07ஐ மட்டும் நீக்கச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது. ஒரு திருநம்பியின் மார்பு அறுவை சிகிச்சைக்கு கிளைம் போகும்போது, 07 இல்லாததால் 08ஐக் காட்டி மறுப்பார்கள். இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்: 'பாலின உறுதிப்பாட்டுக்காக மருத்துவர் பரிந்துரைத்த அறுவை சிகிச்சைகளுக்கு 07, 08 இரண்டு விலக்குகளும் பொருந்தாது' என்று.

அடுத்து, பழைய அறுவை சிகிச்சையின் பின்விளைவுகள். வேலைக்குச் சேர்வதற்குப் பல வருடம் முன்பே, சில சமயம் மருத்துவமனைக்கு வெளியேகூட, திருநங்கைகள் பலர் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருப்பார்கள். பின்னாளில் சிறுநீர்ப் பாதை சுருங்கி, தொற்று ஏற்பட்டு அட்மிட் ஆகும்போது, 'விலக்கப்பட்ட சிகிச்சையின் விளைவு' என்று கிளைமைத் திருப்புவார்கள். புதிய அறுவை சிகிச்சை எதற்கும் பணம் தர விரும்பாத நிர்வாகம்கூட இந்த ஒரு வரியையாவது வாங்க வேண்டும்: 'முன்பு நடந்த பாலின அறுவை சிகிச்சையின் பின்விளைவுகளுக்கான உள்நோயாளிச் சிகிச்சை, எங்கு எப்போது நடந்தது என்ற கேள்வியின்றி, கவராகும்.' திருநர் தொழிலாளர்கள் உண்மையில் அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போவது இத்தகைய சிக்கல்களுக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும்தான்.

மூன்றாவது, ஹார்மோன் சிகிச்சை. மாதா மாதம் மாத்திரை அல்லது ஊசி, சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, எண்டோகிரைனாலஜிஸ்ட் ஆலோசனை. எல்லாமே வெளிநோயாளிச் செலவு. குரூப் பாலிசி உள்நோயாளிக்கானது. ஆகவே எத்தனை விலக்கை நீக்கினாலும் ஹார்மோனுக்குப் பைசா வராது. வெளிநோயாளிச் செலவுக்கான கூடுதல் கவரை (ஓ.பி.டி. ரைடர்) தனியாக வாங்க வேண்டும், அல்லது கீழே சொல்லும் தனி நிதியிலிருந்து தர வேண்டும். ஓ.பி.டி. ரைடரை எல்லாத் தொழிலாளர்களுக்கும் வாங்குங்கள். சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் நூறு பேர் அதைப் பயன்படுத்தும்போது, ஹார்மோனுக்குப் பயன்படுத்தும் ஒருவர் தனியாகத் தெரிய மாட்டார்.

நான்காவது, ஆவண வட்டம். சில பாலிசிகள் அறுவை சிகிச்சைக்கு முன் 'ஆண்' அல்லது 'பெண்' என்று மாற்றிய அடையாளச் சான்றிதழ் கேட்கும். 2019 சட்டத்தின் வழிமுறையில் அந்தத் திருத்திய சான்றிதழே அறுவை சிகிச்சை முடிந்தபின், மருத்துவமனைக் கண்காணிப்பாளரின் சான்றோடு விண்ணப்பித்தால் கிடைப்பது. முன்னது இல்லாமல் பின்னது இல்லை, பின்னது இல்லாமல் முன்னது இல்லை. மனநல மருத்துவர் ஒருவரின் சான்றும் சிகிச்சை தரும் மருத்துவரின் பரிந்துரையும் போதும் என்று எழுதி வாங்குங்கள்.

ஐந்தாவது, மென்பொருள். கிளைம்களைப் பரிசீலிக்கும் இடைநிலை நிறுவனமான டி.பி.ஏ.வின் கணினியில் பாலினமும் சிகிச்சையும் பொருந்துகிறதா என்று பார்க்கும் ஒரு சோதனை இருக்கும். 'ஆண்' என்று பதிவான திருநம்பிக்குக் கருப்பைக் கட்டி வந்து அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், பாலிசியில் ஒரு விலக்கும் இல்லாவிட்டாலும் கணினி தானாகத் திருப்பிவிடும். பதிவேற்றும் எக்செல் தாளிலும் உறவுமுறை என்ற இடத்தில் 'கணவன்', 'மனைவி' மட்டும் இருக்கும். பெண் ஊழியருக்கு எதிரே பெண் பெயர் போட்டால் அந்த வரியே சிவப்பாகும். அப்போது எச்.ஆர். உதவியாளர் புரோக்கருக்குப் போன் போட்டு, பெயரைச் சொல்லி, சத்தமாக விளக்கிக்கொண்டிருப்பார். முழு ஆபீசும் கேட்கும். இது பாலிசி வாசகத்தில் தெரியாத ஓட்டை. 'வயது வந்த சார்ந்தோர்' என்ற ஒரே குறியீட்டைக் கணவன், மனைவி, இணையர் எல்லோருக்கும் பயன்படுத்தச் சொன்னால் அடைபடும்.

செலவைக் கணக்குக்காகப் போட்டுப் பார்ப்போம். 4,000 குடும்பங்கள். ஒரு அறுவை சிகிச்சைக்கு 3 லட்சம் உச்சவரம்பு. வருடத்துக்கு இரண்டு பேர் பயன்படுத்துகிறார்கள் என்றால் 6 லட்சம். குடும்பத்துக்கு 150 ரூபாய். காப்பீட்டு நிறுவனம் அதன்மேல் கால் பங்கு சேர்த்தால் 187.50. குரூப் பாலிசிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. போட்டால் 221 ரூபாய் சொச்சம். குடும்பப் பிரீமியம் 9,000 ரூபாய் என்றால் அதில் இரண்டரை சதவீதத்துக்குள். புரோக்கர் பத்து சதவீதம் ஏறும் என்று சொன்னால், எத்தனை கிளைம், எவ்வளவு தொகை என்று எடுத்துக்கொண்டார் என எழுத்தில் கேளுங்கள். பதில் வருவதற்குள் விகிதம் இறங்கும்.

மூன்றாம் வழியின் உண்மையான குறை வேறு. பல ஆலைகளில் குரூப் பாலிசி ஸ்டாஃபுக்கு மட்டும்தான். 21,000க்குக் கீழே உள்ள தொழிலாளிக்கு 'இ.எஸ்.ஐ. இருக்கிறதே' என்று விட்டுவிடுவார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள். திருநர் ஒருவருக்கு இன்று ஆலையில் வேலை கிடைத்தால் அது பெரும்பாலும் ஷாப் ஃப்ளோரில்தான் கிடைக்கிறது. ஏசி அறையில் இருப்பவர்களுக்கு மட்டும் எல்லோரையும் சேர்க்கும் பாலிசி எழுதினால், யாருக்காக எழுதினோமோ அவர்களுக்கு அது போய்ச் சேராது. இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கும் மேலே ஒரு சிறிய குரூப் பாலிசி எடுக்க எந்தத் தடையும் இல்லை.

நான்காம் வழி: தனி நிதி

காப்பீட்டு நிறுவனம் மறுக்கும் செலவுகளுக்கு ஆலையே ஒரு தொகையை ஒதுக்குவது. 10 லட்சம் ஒதுக்கினால் 4,000 குடும்பத்தில் தலைக்கு 250 ரூபாய். ஹார்மோன், முடி நீக்கும் லேசர், கவுன்சலிங், சென்னைக்குப் போய்வரும் செலவு என்று பாலிசி தொடாத எல்லாவற்றையும் இது தொடும். வாசகச் சண்டை இல்லை.

இரண்டு சிக்கல்கள். ஒன்று வரி. மருத்துவச் செலவைப் பணமாகத் திருப்பித் தருவதற்கு இருந்த 15,000 ரூபாய் வரிவிலக்கு 2018-19 நிதியாண்டிலிருந்து எடுக்கப்பட்டது. தனியார் ஆஸ்பத்திரி பில்லை ஆலை திருப்பிக் கொடுத்தால், பொதுவாக அது சம்பளமாகக் கணக்காகும். அரசு மருத்துவமனையில் ஆன செலவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. இரண்டாவது, யார் அனுமதிப்பது. எச்.ஆர். தலைவர் பெயர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்றால் முதல் வழிக்கே திரும்பிவிட்டோம். வெளியூர் மருத்துவர் ஒருவரிடமோ டி.பி.ஏ.விடமோ விண்ணப்பம் நேராகப் போக வேண்டும். அவர் எண்ணையும் தொகையையும் மட்டும் ஆலைக்கு அனுப்ப வேண்டும். 'வெளியூர்' என்பதை அழுத்திச் சொல்கிறோம். உள்ளூர் டாக்டருக்கு எல்லோர் வீடும் தெரியும்.

கவுன்சலிங் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பாலின அடையாளத்தையோ ஈர்ப்பையோ 'மாற்றித் தருகிறேன்' என்று சொல்லும் சிகிச்சையைத் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் தொழில்முறை நெறிமீறல் என்று அறிவித்தது. பட்டியலில் சேர்க்கும் ஒவ்வொரு கவுன்சலரிடமும் இதைச் செய்வதில்லை என்று எழுதி வாங்குங்கள். வாங்காவிட்டால் உங்கள் பணத்திலேயே தொழிலாளிக்குத் தீங்கு நடக்கும்.

ஐந்தாம் வழி: சொந்த மருத்துவமனை

ஜாம்ஷெட்பூரில் டாடா ஸ்டீலுக்கு டாடா மெயின் ஹாஸ்பிட்டல் இருக்கிறது. அந்த நிறுவனம் 2019 டிசம்பரில், ஊழியர்கள் தங்கள் இணையரைப் பதிவு செய்து, சட்டம் அனுமதிக்கும் சலுகைகளைப் பெறலாம் என்று அறிவித்தது. பாலின அறுவை சிகிச்சைக்குப் பண உதவியும் 30 நாள் சிறப்பு விடுப்பும் அதில் உண்டு. ஊரே நிறுவனத்தைச் சுற்றி வளர்ந்த இடம் அது. ஆனால் இந்த அளவு உள்ளவர்கள் ஒரு கை விரலில் அடங்குவார்கள். நடுத்தர ஆலையின் டிஸ்பென்சரியை இதோடு ஒப்பிட வேண்டாம். டிஸ்பென்சரி கம்பவுண்டர் உள்ளூர்க்காரர். ரகசியத்துக்கு அதைவிட மோசமான இடம் இல்லை.

இணையரா, 'வீட்டில் ஒருவரா'?

எந்த வழியானாலும் யாரைச் சேர்ப்பது என்ற கேள்வி தனி. 'தன்பால் இணையர்' என்று பெயர் சொல்லிச் சேர்க்கலாம். பாலினம் சொல்லாமல் 'இணையர்' என்று சேர்க்கலாம். அல்லது தொழிலாளியோடு ஒரே வீட்டில் வாழும் வயது வந்த யாராவது ஒருவர் என்று விடலாம்.

அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் பென்டன்வில் என்ற சிற்றூரில்தான் வால்மார்ட்டின் தலைமையகம். அந்த மாநில அரசியல் சாசனமே அப்போது தன்பால் திருமணத்தைத் தடுத்திருந்தது. வால்மார்ட் 2013 ஆகஸ்டில் அறிவித்து, 2014 ஜனவரி 1 முதல் இணையர்களைச் சேர்த்தது. குறைந்தது 12 மாதம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆண்-பெண் இணையருக்கும் அதேதான். அதற்கு முந்தைய ஆண்டுகளில் மறுக்கப்பட்டவர்கள் தொடுத்த வழக்கை 2016இல் 75 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்தது. தாமதத்துக்கும் விலை உண்டு.

இன்னும் பழைய உதாரணம் சான் பிரான்சிஸ்கோ. நகர நிர்வாகம் தன்னோடு ஒப்பந்தம் செய்வோருக்கு இணையர் சலுகையைக் கட்டாயமாக்கியபோது, கத்தோலிக்கப் பேராயம் 1997இல் ஒரு நடுவழி கண்டது: ஊழியர் தன்னோடு சட்டப்படி ஒரே வீட்டில் வாழும் ஒருவரைக் குறிப்பிடலாம், அவர் என்ன உறவு என்று கேட்பதில்லை.

எங்கள் ஊர்களுக்கு இந்த மூன்றாவது வடிவமே பொருந்தும் என்று நினைக்கிறோம். மணமாகாத ஒரு பெண் சூப்பர்வைசர் தன் விதவைச் சித்தியைச் சேர்ப்பார். இன்னொருவர் தன் தம்பியைச் சேர்ப்பார். மூன்றாமவர் தன் இணையரைச் சேர்ப்பார். பட்டியலைப் பார்ப்பவருக்கு யார் யாரென்று தெரியாது. எதிர்ப்பதற்கு ஊரிலும் ஆள் கிடைக்காது, ஏனென்றால் எதிர்ப்பவரின் அக்காளும் அதே பட்டியலில் இருப்பார்.

விலை என்ன? காப்பீட்டு நிறுவனம் பயப்படும். எல்லோரும் வீட்டிலுள்ள நோயாளி முதியவரையே சேர்ப்பார்கள் என்பது அவர்கள் வாதம், நியாயமான வாதம்தான். அதற்கு மூன்று கட்டுப்பாடுகள் வையுங்கள். வயது வித்தியாசம் 20 வருடத்துக்குள். 12 மாதம் சேர்ந்து வாழ்ந்ததாக ஒரு பக்க உறுதிமொழி. ஒருமுறை பெயர் கொடுத்தால் 12 மாதம் மாற்ற முடியாது. இதற்கும் சம்மதிக்காத நிறுவனத்திடம் பாலினம் சொல்லாத 'இணையர்' வடிவத்தை வாங்குங்கள். 'தன்பால் இணையர்' என்று தனிப் பெட்டி போடும் வடிவத்தைச் சின்ன ஊரில் வாங்கவே வேண்டாம். அந்தப் பெட்டியில் டிக் அடிக்க யாரும் துணிய மாட்டார்கள்.

ஆதாரம் கேட்பதிலும் அளவு வேண்டும். மணமானவரிடம் திருமணச் சான்றிதழ் கேட்காத ஆலை, இணையரிடம் வாடகை ஒப்பந்தமும் கூட்டு வங்கிக் கணக்கும் கேட்கிறது. கூட்டுக் கணக்குக்குத் தடையில்லை என்று நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது உண்மை. ஆனால் இரண்டு ஆண்கள் சேர்ந்து வாடகை ஒப்பந்தம் போட்டால் தரகரிலிருந்து வீட்டுக்காரர்வரை விசாரிப்பார்கள். உறுதிமொழி போதும்.

சம்பளச் சீட்டில் ஒரு வரி

நிறுவனம் கட்டும் குரூப் பிரீமியம் தொழிலாளியின் வருமானத்தில் சேராது. ஆனால் அந்த விலக்குக்கு வருமான வரிச் சட்டம் சொல்லும் குடும்பம், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர், உடன்பிறந்தோர். இணையர் அதில் இல்லை. ஆகவே அவருக்கான பிரீமியப் பங்கு வரிக்குரிய சலுகையாகச் சம்பளக் கணக்கில் ஏறும். பேரோல் மென்பொருள் அந்தத் தொகைக்கு ஒரு தலைப்பு கேட்கும். கிளார்க் நல்லபடியாகவே 'பார்ட்னர் இன்சூரன்ஸ்' என்று அடிப்பார். அந்தச் சீட்டு அச்சாகி, மடித்து, ஷிப்ட் முடியும்போது சூப்பர்வைசர் கையால் விநியோகமாகும். தொழிலாளி அதை வீட்டில் அம்மாவிடம் கொடுப்பார். வீட்டுக் கடனுக்கு வங்கியில் கொடுப்பார். ஒரு வருடம் பொத்திப் பொத்திச் செய்த ஏற்பாடு இந்த ஒரு வரியில் உடையும்.

தலைப்பை 'பிற சலுகை' என்று மாற்றுங்கள். ஓவர்டைம் உணவு, பரிசுக் கூப்பன் என்று வரிக்குரிய மற்ற சிறு தொகைகளையும் அதே தலைப்பில் போடுங்கள்.

காப்பீட்டுக் கார்டும் அப்படித்தான். கார்டு எந்த முகவரிக்கு, எந்த மொபைலுக்கு, எந்தப் பெயரில் போகிறது என்று தொழிலாளியே தேர்ந்தெடுக்க வேண்டும். பெற்றோர் வீட்டில் இருப்பவருக்குப் புதுப் பெயரில் தபாலில் கார்டு போனால் அன்று இரவே பிரச்சினை.

யாருக்கு எது

500 பேருக்குக் கீழ் உள்ள ஆலை, இரண்டாம் வழியோடு ஒரு சிறு தனி நிதி வைத்துக்கொள்ளட்டும். பேரம் பேசிப் பாலிசியைத் திருத்த அதற்கு வலு போதாது. பின்விளைவு வாசகத்தை மட்டும் எப்படியாவது வாங்கட்டும். ஆயிரத்துக்கு மேல் போனால் மூன்றாம் வழியும் நான்காம் வழியும் சேர்ந்துதான் வேலை செய்யும்: உள்நோயாளிச் செலவு பாலிசியில், மாதாந்திரச் செலவு நிதியில், 'வீட்டில் ஒருவர்' வரையறையோடு. இரண்டில் ஒன்றைத்தான் இந்த வருடம் செய்ய முடியும் என்றால் நிதியை விட்டுவிட்டுப் பாலிசியைச் செய்யுங்கள். நிதியை அடுத்த மேனேஜர் ஒரு கையெழுத்தில் நிறுத்திவிடலாம். பாலிசியில் வாசகம் ஒருமுறை ஏறிவிட்டால், ஒவ்வொரு புதுப்பித்தலிலும் யாராவது முன்வந்து நீக்கச் சொன்னால்தான் போகும்.

அறிவிப்பைத் தமிழில், கேன்டீன் போர்டில், எல்லாச் சலுகைகளோடும் சேர்த்து ஒரே தாளில் ஒட்டுங்கள். மேடை, விழா, பத்திரிகையாளர் வேண்டாம். சலுகை இருப்பது ஊருக்கே தெரியலாம், யார் எடுத்தார்கள் என்பது மட்டும் வெளியே போகக் கூடாது. பதிவு டி.பி.ஏ.வின் மொபைல் பக்கத்தில், ஓ.டி.பி. வழியாக, தமிழில் நடக்கட்டும். காகிதப் படிவம் வேண்டியவர்களுக்கு தபால்தலை ஒட்டிய உறையும் டி.பி.ஏ. முகவரியும் கொடுங்கள்.

புதுப்பித்தல் தேதிக்கு 90 நாள் முன்பு கடந்த மூன்று வருடக் கிளைம் விவரத்தை வாங்குங்கள். 75 நாள் முன்பு மேலே சொன்ன வாசகங்களோடு குறைந்தது மூன்று நிறுவனங்களிடம் விலை கேளுங்கள். 45 நாள் முன்பு இறுதி வாசகத்தை, புரோக்கரின் மின்னஞ்சலாக அல்லாமல், காப்பீட்டு நிறுவனத்தின் இணைப்பு ஆவணமாகக் கையில் வாங்குங்கள். 30 நாள் முன்பு பதிவைத் திறங்கள்.

15 நாள் முன்பு டி.பி.ஏ.வை உட்காரவைத்து ஐந்து போலிப் பதிவுகளை ஓட்டுங்கள்: பெண் ஊழியருக்குப் பெண் இணையர், 'ஆண்' என்று பதிவானவருக்குக் கருப்பை அறுவை சிகிச்சை, வருட நடுவில் பெயர் மாறியவர், முன்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட திருநங்கைக்குச் சிறுநீர்ப் பாதைச் சுருக்கம், சித்தியைச் சேர்த்தவர். ஒவ்வொன்றிலும், கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை பெறுவதற்கான கேஷ்லெஸ் முன்அனுமதி ஒரு மணி நேரத்தில் வருகிறதா, எஸ்.எம்.எஸ். எந்த எண்ணுக்குப் போகிறது, அதில் சிகிச்சையின் பெயர் அச்சாகிறதா என்று பாருங்கள். அச்சானால் அந்த எஸ்.எம்.எஸ். வாசகத்தை மாற்றித் தரும்வரை ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திட வேண்டாம்.